பிள்ளைச் செல்வமும் தம்பதியர் தீர்மானமும்

இல்வாழ்க்கையின் நிறைவு பிள்ளைச் செல்வத்திலேயே உள்ளது என்பது தமிழ் மக்கள் நெடுங்காலமாகக் கொண்டொழுகும் கொள்கை. திருமணம் நிறைவேறி ஓராண்டு கழிவதற்கு முன்னரே, கலியாண வீட்டிலும் கோயில் வீதியிலும் “ஏதும் விசேஷமோ?” என்னும் கேள்வி எழத் தொடங்கிவிடுகின்றது. அக்கேள்வி பெரும்பாலும் பெண்ணை நோக்கியே எழுகின்றது. அவளுக்கு அருகில் நிற்கும் கணவனிடம் அதனைக் கேட்போர் அரியர். மலடி என்னும் சொல்லும் மலடன் என்னும் சொல்லும் தமிழில் உள்ளன. ஆயினும் ஊர்வாயில் அடிபடுவது முன்னையதே. பின்னையது அகராதியிலே உறங்குகின்றது.

பிள்ளைப்பேறின்மைக்கு இக்காலத்தில் வைத்தியம் உண்டு. அதனை நாடுவதா, எப்போது நாடுவது, எதுவரை செல்வது, எங்கே நிறுத்துவது என்பன தம்பதியர் முன் நிற்கும் வினாக்கள். இவற்றுக்கு விடை காண்பதற்கு வைத்தியரின் அறிவு துணைசெய்யும். பெற்றோரின் அன்பும் துணைசெய்யும். ஆயினும் முடிவு செய்ய உரியவர் கணவனும் மனைவியுமாகிய இருவரே. அதுவும் ஒரே நாளில் செய்து முடிக்கும் ஒரு பெரிய முடிவு அன்று. ஒன்றன்பின் ஒன்றாக வரும் பல சிறு முடிவுகளின் தொடராகும். அவற்றை இருவரும் எவ்வாறு எடுத்தல் நன்று என்பதே இங்கு ஆராயத்தக்கது.

முதல் வினா, வைத்தியரை எப்போது காண்பது என்பதாகும். தடுப்புமுறை எதனையும் கையாளாது பன்னிரண்டு மாதங்கள் ஒருங்கு வாழ்ந்தும் கருத்தரியாத நிலையையே பிள்ளைப்பேறின்மை என உலக சுகாதார நிறுவனம் வரையறுக்கின்றது. வயது வந்தோரில் ஏறத்தாழ ஆறு பேருக்கு ஒருவர் தம் வாழ்நாளில் ஒருமுறையேனும் இந்நிலைக்கு உள்ளாகின்றனர் என்று அந்நிறுவனம் 2023 இல் வெளியிட்ட அறிக்கை கூறுகின்றது. எனவே இஃது ஏதோ ஒரு குடும்பத்திற்கு மாத்திரம் நேர்ந்த சாபம் அன்று. மனைவி நாற்பது வயதுக்குட்பட்டவராய் உள்ள தம்பதியர் நூறு பேரை எடுத்துக்கொண்டால், அவருள் 84 பேரளவில் முதலாண்டிலேயே கருவுறுகின்றனர். எஞ்சியோரில் பாதிப் பேர் இரண்டாம் ஆண்டில் கருவுறுகின்றனர். ஆதலின் இருபத்தைந்து வயதுப் பெண் நான்கு மாதத்தில் நம்பிக்கை இழத்தல் வேண்டியதில்லை.

முப்பத்தைந்து வயதைக் கடந்தவளின் நிலை வேறு. பெண் பிறக்கும்போதே தன் வாழ்நாளுக்குரிய சூல் முட்டைகள் யாவற்றையும் உடன்கொண்டு பிறக்கின்றாள். அவற்றின் தொகை ஆண்டுதோறும் குறைகின்றது. முப்பதுகளின் பிற்பகுதியில் தொகையும் தரமும் விரைந்து குறைகின்றன. அத்தகையோர் ஆறு மாதத்திலேயே வைத்தியரைக் காணுதல் நன்று. மாதவிலக்கு ஒழுங்கின்றி வருவோரும், அடிவயிற்றில் சத்திரசிகிச்சை செய்துகொண்டோரும், பருவமெய்திய பின் கூகைக்கட்டு நோயினால் விதை வீங்கப்பெற்ற ஆடவரும் காத்திருத்தல் ஆகாது. “கடவுள் தரும்போது தரட்டும்” என்று கூறுவது பத்தியின் பாற்பட்ட சொல்லாகலாம். ஆயினும் ஆலயத்தில் தொட்டில் கட்டி நேர்த்தி வைப்பதும், அடுத்த கிழமையே வைத்தியசாலைக்குச் செல்வதும் ஒன்றுக்கொன்று மாறானவை அல்ல.

இரண்டாம் வினா, யார் செல்வது என்பது. இங்கேதான் பல குடும்பங்கள் தவறிவிடுகின்றன. மாமியார் மருமகளை அழைத்துக்கொண்டு செல்கின்றார். கணவன் வேலைக்குச் செல்கின்றான். பெண்ணின் குருதி சோதிக்கப்படுகின்றது. கருப்பையும் சூலகமும் ஸ்கேன் செய்து பார்க்கப்படுகின்றன. கருக்குழாய் திறந்துள்ளதா என்று அறியச் சாயம் செலுத்தி எக்ஸ்றே எடுக்கப்படுகின்றது. சில வேளைகளில் வயிற்றில் துளையிட்டு நோக்கும் சத்திரசிகிச்சையும் நிகழ்கின்றது. இவை யாவும் முடிந்தபின், இரண்டு மூன்று ஆண்டுகள் கழித்து, “கணவரையும் ஒருமுறை பார்க்கவேண்டும்” என்று வைத்தியர் கூறும்போது வீட்டில் மௌனம் நிலவுகின்றது.

உண்மை யாதெனில், ஆடவரைச் சார்ந்த காரணங்கள் நூற்றுக்கு முப்பது அளவில் காணப்படுகின்றன. நூற்றுக்கு நாற்பது அளவிலான தம்பதியரில் இருவரிடத்தும் ஏதேனும் ஒரு குறை உண்டு. பிரித்தானிய வைத்திய வழிகாட்டிகள் தரும் கணக்கு இது. ஆடவருக்குரிய முதற் சோதனையோ யாவற்றினும் எளியது. இரண்டு முதல் ஏழு நாள் வரை உறவைத் தவிர்த்துப் பின்னர் விந்தின் மாதிரியைக் கொடுத்தாற் போதுமானது. ஊசி இல்லை, கத்தி இல்லை. விந்தணு உருவாகி முதிர்வதற்கு ஏறத்தாழ இரண்டரை மாதம் செல்லுமாதலின், முதற் சோதனையில் குறை தோன்றினால் மூன்று மாதத்தின் பின் மீண்டும் சோதிப்பது வழக்கம். புகைத்தல், மிகுந்த வெப்பத்தில் நெடுநேரம் தொழில் புரிதல், உடலை முறுக்கேற்றுவதற்கென விற்கப்படும் சில ஓமோன் மருந்துகள் முதலியவற்றால் வந்த குறை, அவற்றைக் கைவிட்டபின் தணிதலும் உண்டு.

இவ்வளவு எளிய சோதனைக்கு ஆடவர் அஞ்சுவது ஏன்? ஆண்மையும் பிள்ளைபெறும் ஆற்றலும் ஒன்றே என்று எண்ணும் மயக்கமே காரணம். இவை வெவ்வேறானவை. நல்ல உடற்கட்டும் இல்லற இன்பத்தில் குறைவின்மையும் உடைய ஒருவனின் விந்தில் அணுக்கள் அறவே இல்லாதிருத்தல் கூடும். அதனை அறிவதில் இழுக்கு ஒன்றும் இல்லை. அறியாதிருப்பதனால் வரும் இழப்போ பெரிது. அஃது அவனுடைய மனைவியின் வயதிலிருந்து கழிக்கப்படுகின்றது. ஆகவே தம்பதியர் செய்யவேண்டிய முதல் முடிவு, ஒரே நாளில் இருவரும் சேர்ந்து செல்வது என்பதாகும். இலங்கையில் அரசாங்க வைத்தியசாலைகளின் பெண்ணோயியல் கிளினிக்கில் இதற்கான ஆலோசனையைப் பணமின்றிப் பெறலாம். வீடுதோறும் வரும் குடும்பநல உத்தியோகத்தரிடம் சொன்னால் வழிகாட்டுவார்.

காரணம் தெரிந்தபின் வைத்தியம் படிப்படியாகச் செல்லும். முட்டை ஒழுங்காக வெளிவராதவளுக்கு மாத்திரை கொடுத்து அதனை ஒழுங்குபடுத்துவர். தூய்மை செய்த விந்தைக் கருப்பையினுள் நேரே செலுத்துதல் இன்னொரு படி. இவை பயன்தராவிடில், அல்லது குழாய்கள் அடைபட்டிருந்தால், உடலுக்கு வெளியே கருக்கட்டச் செய்யும் முறை உண்டு. பத்துப் பன்னிரண்டு நாள் ஊசிமருந்து ஏற்றிப் பல முட்டைகளை ஒருங்கே முதிரச் செய்து, நுண்ணிய ஊசியால் அவற்றை எடுத்து, ஆய்வுகூடத்தில் விந்தணுவுடன் சேர்த்து, மூன்று முதல் ஐந்து நாள் வளர்ந்த முளையத்தைக் கருப்பையில் வைப்பர். விந்தணு மிகக் குறைந்தோருக்காக, ஓரணுவை ஒரு முட்டையினுள் நேரே புகுத்தும் முறையினாற் பிறந்த குழந்தைகள் பற்றிய செய்தி 1992 இல் பிரசெல்ஸ் நகரிலிருந்து வெளிவந்தது. முளையத்தை வைத்தபின் ஏறக்குறைய இரண்டு கிழமை காத்திருத்தல் வேண்டும். அந்த இரண்டு கிழமையே முழுச் சிகிச்சையிலும் கடினமானது என்று கூறும் பெண்கள் பலர்.

இம்முறையின் வரலாற்றிலேயே தம்பதியர் தீர்மானம் பற்றிய பாடம் ஒன்று அடங்கியுள்ளது. இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் வாழ்ந்த லெஸ்லி பிரவுண், ஜோன் பிரவுண் என்போர் ஒன்பது ஆண்டுகள் பிள்ளையின்றி இருந்தனர். லெஸ்லியின் கருக்குழாய்கள் அடைபட்டிருந்தன. ஓல்டம் நகரில் சத்திரசிகிச்சை நிபுணர் பற்றிக் ஸ்டெப்டோ, உடலியல் அறிஞர் றொபேட் எட்வேர்ட்ஸ், அவர்களுடன் உழைத்த தாதி ஜீன் பேர்டி ஆகிய மூவரின் முயற்சியால், 1978 யூலை 25 ஆம் நாள் இரவு அவர்களுக்கு லூயிஸ் என்னும் பெண்மகவு பிறந்தது. உடலுக்கு வெளியே கருக்கட்டிப் பிறந்த முதற் குழந்தை அவளே. எட்வேர்ட்ஸ் 2010 இல் நோபல் பரிசு பெற்றார். ஏனைய இருவரும் அதற்கு முன்னரே காலமாகிவிட்டனர்.

இந்த வெற்றியை உலகம் அறியும். அறியாதது வேறொன்று. 1969 முதல் 1978 வரை அம்மூவரின் முயற்சிக்குத் தம் உடலை ஒப்படைத்த பெண்கள் 282 பேர். அவர்களுட் பிள்ளை பெற்றோர் இருவர். ஏனைய 280 பேரின் பெயரை எவரும் அறியார். லெஸ்லியோ, இம்முறை முன்னர் ஒருபோதும் வெற்றி தந்ததில்லை என்பதை அறியாமலே அதற்கு உடன்பட்டார். நூற்றுக்கணக்கான குழந்தைகள் முன்னரே இவ்வாறு பிறந்திருப்பார்கள் என்று தாம் எண்ணியிருந்ததாகவும், அதுபற்றித் தாம் வினவவேயில்லை என்றும் அவர் பின்னர் எழுதினார். கேட்காத கேள்வியின் இடத்தை ஆசை நிரப்பிவிடுகின்றது. அவருக்கு அது நன்மையாக முடிந்தது. எல்லோருக்கும் அவ்வாறு முடிவதில்லை.

ஆகவே சிகிச்சை தொடங்குமுன் தம்பதியர் சில கேள்விகளைத் தாளில் எழுதிக்கொண்டு செல்லுதல் நன்று. “எங்கள் வயதில், எங்களுக்குள்ள குறையில், உயிருள்ள குழந்தையோடு வீடு செல்லும் வாய்ப்பு எவ்வளவு?” என்பது முதற் கேள்வி. கரு உண்டானது என்று காட்டும் குருதிச் சோதனை வேறு. கையில் ஏந்தும் குழந்தை வேறு. விளம்பரங்கள் பெரும்பாலும் முன்னையதையே எண்ணிக் காட்டும். பிரித்தானியாவில் இச்சிகிச்சைகளை மேற்பார்வை செய்யும் அரச சபையின் கணக்குகளை நோக்கினால், தம் சொந்த முட்டையைப் பயன்படுத்துவோரில், வைக்கப்படும் ஒவ்வொரு முளையத்திற்கும் குழந்தை பிறக்கும் வாய்ப்பு, முப்பத்தைந்து வயதுக்குட்பட்டோருக்கு மூன்றில் ஒன்று என்னும் அளவினது; நாற்பத்துமூன்று கடந்தோருக்கு நூற்றுக்கு ஐந்து அளவினதே. முப்பது வயதினரிலும் கூட, ஒருமுறை வைத்தலில் வெற்றியினும் தோல்வியே மிகுதி என்பதை இது காட்டும். ஆதலினாலேயே அந்நாட்டு வழிகாட்டிகள் நாற்பது வயதுக்குட்பட்டோருக்கு மூன்று முழுச் சுற்றுகளைப் பரிந்துரைக்கின்றன.

இரண்டாவது கேள்வி, எத்தனை முளையங்களை வைப்பது என்பது. ஒரே செலவில் இரட்டைப்பிள்ளை என்று மகிழ்வோர் உண்டு. இரட்டைக் கருவினால் தாய்க்கும் சேய்க்கும் ஆபத்து மிகும் என்பதை அறிந்தே, பிரித்தானியாவில் ஒற்றை முளையத்தை வைக்கும் வழக்கம் வளர்ந்தது. 1990களில் இச்சிகிச்சையால் நேர்ந்த பேறுகளில் நூற்றுக்கு 28 அளவில் இருந்த இரட்டை முதலிய பேறுகள் 2019 இல் நூற்றுக்கு 6 ஆகக் குறைந்தன. மூன்றாவது கேள்வி, சிகிச்சையோடு கூட விற்கப்படும் மேலதிகச் சோதனைகளையும் மருந்துகளையும் பற்றியது. அவற்றுட் பலவற்றின் பயன் ஐயமற நிறுவப்படவில்லை. “இது இல்லாவிடில் எங்கள் வாய்ப்பு எவ்வளவு குறையும்?” என்று வினவுதல் மரியாதைக் குறைவு ஆகாது.

அடுத்தது பணம். தனியார் வைத்தியசாலையில் ஒரு சுற்றுக்கே பல இலட்சம் ரூபா செல்லும். சீதன நகை வங்கிக்குப் போகின்றது. காணி ஈடு வைக்கப்படுகின்றது. கனடாவிலோ இங்கிலாந்திலோ உள்ள சகோதரர் பணம் அனுப்புகின்றனர். அன்பினால் வரும் உதவியே ஆயினும், பணம் கொடுத்தவருக்கு மெல்ல மெல்ல ஒரு வாக்குரிமையும் வந்துவிடுகின்றது. “இன்னும் ஒருமுறை செய்து பாருங்கள், காசைப்பற்றி யோசிக்கவேண்டாம்” என்னும் சொல்லை மறுப்பது எளிதன்று. எனவே எவ்வளவு செலவிடுவது, எதனை விற்பதில்லை, எவரிடம் கடன்படுவதில்லை என்பவற்றை முதல் ஊசி ஏற்றுவதற்கு முன்னரே இருவரும் வரையறுத்தல் வேண்டும். தோல்வியின் மறுநாள் அதனை வரையறுக்க முடியாது. அன்று மனம் கணக்குப் பார்க்கும் நிலையில் இராது.

உறவினரின் பங்கு யாழ்ப்பாணத்தில் பழமையானது. ஒல்லாந்தர் ஆட்சியில் 1707 இல் தொகுக்கப்பட்ட தேசவழமையின்படி, ஒரு பிள்ளையைச் சுவீகாரம் செய்து உரிமைப்பிள்ளையாக்க விரும்புவோர் தம் உடன்பிறந்தாரின் சம்மதத்தைப் பெறல் வேண்டும். உறவினரும் சாட்சிகளும் கூடியிருக்க மஞ்சள் நீர் அருந்தும் சடங்கும் நிகழ்தல் வேண்டும். பிள்ளையில்லாதார் சொத்து உடன்பிறந்தாரைச் சேர வேண்டியிருந்த காலத்தில் அந்நியதி பொருளுடையதாய் இருந்தது. இன்று தீர்மானிக்கப்படுவது சொத்து அன்று. ஒரு பெண்ணின் உடலும் இருவரின் வாழ்வுமாகும். இதில் உடன்பிறந்தாரின் சம்மதம் வேண்டப்படுவதில்லை. எவருக்குச் சொல்வது, எவ்வளவு சொல்வது, யார் சொல்வது என்பவற்றையும் தம்பதியரே முடிவுசெய்யலாம். கணவனின் வீட்டாருக்குக் கணவனே சொல்லுதல் முறை.

சமயமும் மனச்சாட்சியும் இத்தீர்மானத்தில் இடம்பெறுகின்றன. கணவன் மனைவியாகிய இருவரின் அணுக்களைக்கொண்டே செய்யப்படும் சிகிச்சையை எகிப்தின் அல் அஸ்ஹர் அறிஞர் 1980 இல் அனுமதித்தனர். மூன்றாமவரின் அணுவை ஏற்பதை விலக்கினர். கத்தோலிக்கத் திருச்சபை 1987 இல் வெளியிட்ட போதனையில், உடலுக்கு வெளியே கருக்கட்டும் முறையையே ஏற்கவில்லை. இந்துக்களுக்கு இதுபற்றிக் கட்டளையிடும் ஒரு தனிப்பீடம் இல்லையாதலின், முடிவு தத்தம் மனச்சாட்சிக்கு விடப்பட்டுள்ளது. பிறர் முட்டையையோ விந்தையோ பெற எண்ணுவோர், இன்னும் பிறவாத ஒருவரையும் எண்ணிப்பார்த்தல் வேண்டும். 2005 ஏப்ரல் முதலாந் திகதிக்குப் பின் பிரித்தானியாவில் தானஞ்செய்யப் பதிவுசெய்தோரின் அணுவாற் பிறப்போர், பதினெட்டு வயதில் அவர் இன்னார் என அறியும் உரிமை உடையர். பிள்ளை ஒருநாள் கேட்கும் என்னும் நினைவோடு அம்முடிவு செய்யப்படல் வேண்டும்.

யாவற்றினும் நுண்ணியது இருவரின் மனநடை. எடுத்துக்காட்டாக ஒரு தம்பதியரை மனத்திற் கொள்ளலாம். இரண்டாம் சுற்றும் தோல்வியுற்றபின் கொழும்பிலிருந்து இரவு பஸ்ஸில் யாழ்ப்பாணம் திரும்புகின்றனர். வவுனியாவைக் கடக்கும்வரை ஒருவரும் பேசவில்லை. “இன்னொரு முறை பார்ப்பமோ?” என்கிறாள் மனைவி. “உம்முடைய விருப்பம்” என்கிறான் கணவன். அவளுக்குச் சுதந்திரம் கொடுத்ததாக அவன் எண்ணுகின்றான். முழுப் பாரத்தையும் தன் தலையில் வைத்துவிட்டதாக அவள் எண்ணுகின்றாள். உண்மையில் அவள் களைத்துப் போயிருக்கின்றாள். அவனுடைய ஆசைக்காகவே கேட்டாள். அவனும் களைத்துப் போயிருக்கின்றான். அவள் மனம் நோகும் என்றே மறுக்கவில்லை. இருவரும் வேண்டாத மூன்றாம் சுற்று இவ்வாறு தொடங்கிவிடுகின்றது.

“உம்முடைய விருப்பம்” என்பது அன்புடைய சொல்லாகத் தோன்றினும் தீர்மானம் ஆகாது. ஊசியும் மயக்கமருந்தும் குருதிப்போக்கும் பெண்ணின் பங்காக அமைந்துவிட்டன. அதனை மாற்ற இயலாது. ஆதலின் முடிவின் பாரத்தையேனும் கணவன் பங்கிட்டுக்கொள்ளுதல் வேண்டும். ஒவ்வொரு சுற்றின் பின்னும் ஒரு மாதமேனும் இடைவெளி விட்டு, தன் விருப்பம் இன்னது, தன் அச்சம் இன்னது என இருவரும் வெளிப்படையாகச் சொல்லிக்கொள்வது பெரும் பயன் தரும். ஒருவர் தொடர விரும்பி மற்றவர் நிறுத்த விரும்பினால், நிறுத்த விரும்புபவரின் காரணத்தை முதலிற் கேட்பது நன்று. ஏனெனில் அதைச் சொல்வதே கடினம். பிரித்தானியாவில் இச்சிகிச்சை பெறுவோருக்கு உளவள ஆலோசனை பெறும் வாய்ப்பை அளித்தல் வேண்டும் என 1990 ஆம் ஆண்டின் சட்டமே விதித்தது, இதன் அருமையை உணர்ந்தேயாகும்.

இறுதி வினா, எங்கே நிறுத்துவது என்பது. தொடங்குவதற்கு வைத்தியர் துணை உண்டு. நிறுத்துவதற்குத் துணை குறைவு. அரசே செலவை ஏற்கும் நாடுகளிலும், தமக்குரிய சுற்றுகள் முடியுமுன்னரே மனச்சோர்வினால் நிறுத்திவிடுவோர் பலர். அது கோழைத்தனம் அன்று. நிறுத்துவதும் ஒரு தீர்மானமே. சோர்ந்து விழுவதைவிட, இருவரும் அமர்ந்து பேசி நிறுத்துவது மேலானது. அதன்பின் வழி அடைபட்டுவிடுவதில்லை. இலங்கையில் 1941 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்க மகவேற்புக் கட்டளைச் சட்டத்தின்கீழ் நீதிமன்றத்தின் மூலம் ஒரு பிள்ளையைத் தத்தெடுக்கலாம். தத்தெடுப்பவர் இருபத்தைந்து வயதுக்குக் குறையாதவராயும் பிள்ளையினும் இருபத்தொரு வயதேனும் மூத்தவராயும் இருத்தல் வேண்டும் என்பது அதன் பொது விதி. பிள்ளையின்றியே நிறைவாக வாழத் துணிவோரும் உளர். அவர்தம் வீட்டையும் முழுமையான வீடாக மதித்தல் ஊரவர் கடன். “ஏதும் விசேஷமோ?” என்று வினவாதிருத்தல் அம்மதிப்பின் முதற்படி.

திருக்குறளில் மக்கட்பேறு ஏழாம் அதிகாரமாக அமைந்துள்ளது. அதற்கு முன்னே ஆறாம் அதிகாரமாக நிற்பது வாழ்க்கைத் துணைநலம். பிள்ளைச் செல்வத்தைப் போற்றிய புலவர், அதற்கு முன்பாகத் துணையை வைத்தார். சிகிச்சை வெற்றி பெறினும் பெறாவிடினும், அவ்விரவு பஸ்ஸில் அருகருகே அமர்ந்து ஊர் திரும்ப இருப்போர் அவ்விருவரே. எந்தத் தீர்மானமும் அவர்களை ஒருவருக்கொருவர் அந்நியர் ஆக்காதிருத்தல் வேண்டும்.